பந்தய வண்டியா? குடும்ப வண்டியா?

வரி குறைந்தது, ஆசை பெருகியது! கணக்குப் போட்டால் தெரியும் உண்மை

கல்யாணத்துக்கு முன்பு ஆசை ஆசையாக வாங்கிய வண்டி. சீறிப் பாயும் வண்டி. தெருவில் வந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அதில் இரண்டு பேர்தான் போக முடியும்.

கல்யாணம் நடந்தது. இரண்டு பேரும் ஊர் சுற்றினார்கள். குழந்தை பிறந்தது. மூன்று பேர் ஆனார்கள். கிராமத்தில் இருந்து வயதான தாயாரும் வந்து சேர்ந்தார். நாலு பேர் ஆகிவிட்டார்கள்.

வண்டி மட்டும் அப்படியே இருக்கிறது. அதே இரண்டு இருக்கை!

"இதை விற்றுவிட்டு, எல்லோரும் உட்காரும்படியாக ஒரு கார் வாங்குங்கள்" என்கிறாள் மனைவி.

"இதையா விற்பது? இது என் உயிர் ஆயிற்றே!" என்கிறார் கணவர்.

திருவண்ணாமலையில் தேரடி வீதியை ஒட்டிய வீடுகளிலும் இந்தப் பேச்சு உண்டு. சென்னையில் மாடி வீடுகளிலும் உண்டு. பணக்காரர் வீட்டில் அது ஸ்போர்ட்ஸ் கார். நடுத்தரக் குடும்பத்தில் அது பந்தய மோட்டார் சைக்கிள். வண்டிதான் வேறு, வழக்கு ஒன்றுதான்.

2025-ம் ஆண்டு இந்த வழக்கில் புதிதாக ஒருவர் நுழைந்தார். அவர் வேறு யாரும் அல்ல. வரி போடும் அரசாங்கம்தான்!

வரி மாறியது

2025 செப்டம்பர் 3-ந் தேதி சரக்கு-சேவை வரி கவுன்சில் டெல்லியில் கூடியது. வரி விகிதங்களை மாற்றியது. செப்டம்பர் 22-ந் தேதி முதல் புதிய வரி அமலுக்கு வந்தது.

வண்டிகளைப் பொறுத்தவரை நடந்த மாற்றம் இதுதான்:

சிறிய காருக்கு அதுவரை 28 சதவீத வரி. அதற்கு மேல் கூடுதல் வரி வேறு. அது 18 சதவீதமாகக் குறைந்தது. சிறிய கார் என்றால் எது? நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் கார் என்றால் என்ஜின் 1,200 சி.சி.க்குள் இருக்க வேண்டும். டீசல் கார் என்றால் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும்.

350 சி.சி. வரை உள்ள மோட்டார் சைக்கிளுக்கும் வரி 28-ல் இருந்து 18 ஆகக் குறைந்தது. ஆனால் 350 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு வரி 40 சதவீதமாக ஏறியது. முன்பு அதற்கு, கூடுதல் வரியையும் சேர்த்து, 31 சதவீதம்தான்.

அதாவது, வீட்டுக்கு உதவும் சிறிய காருக்கு வரி இறங்கியது. வாலிபர்கள் ஆசைப்படும் பெரிய மோட்டார் சைக்கிளுக்கு வரி ஏறியது.

மாமியார், மருமகள், மைத்துனர் சொல்லிக் கேட்காதவரிடம் அரசாங்கமே வந்து, "சிறிய கார் வாங்கு" என்று சொன்னது போல் ஆயிற்று!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய என்ஜின் உள்ள கார்களுக்கு முன்பு எல்லா வரியும் சேர்ந்து 45 முதல் 50 சதவீதம் வரை இருந்தது. இப்போது 40 சதவீதம் ஆகியிருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் செல்வந்தருக்கும் அதில் லாபம்தான். அடி விழுந்தது பெரிய மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே.

எவ்வளவு மிச்சம்?

ஒரு சிறிய பெட்ரோல் காருக்கு, வரிக்கு முந்திய விலை 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பு 28 சதவீத வரி, 1 சதவீதக் கூடுதல் வரி. ஆக மொத்தம் 6 லட்சத்து 45 ஆயிரம் ரூபாய். இப்போது 18 சதவீத வரி. 5 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். மிச்சம் 55 ஆயிரம் ரூபாய்.

பெரிய மோட்டார் சைக்கிளுக்கு, வரிக்கு முந்திய விலை 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பு 3 லட்சத்து 93 ஆயிரம். இப்போது 4 லட்சத்து 20 ஆயிரம். 27 ஆயிரம் ரூபாய் அதிகம்.

55 ஆயிரம் ரூபாய் என்பது சிறிய தொகை அல்ல. ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு ஆகும். அதனால்தான், "இப்போதே வாங்கிவிட வேண்டும்" என்ற துடிப்பு குடும்பங்களில் ஏற்பட்டது.

அந்தத் துடிப்பில்தான் ஆபத்தும் இருக்கிறது.

தவணை விழுங்கும் மிச்சம்

கார் வாங்குகிற பலர் கடன் வாங்கித்தான் வாங்குகிறார்கள். 5 லட்சம் ரூபாய் கடன். வட்டி 9 சதவீதம். 5 ஆண்டுத் தவணை என்றால், மாதம் சுமார் 10,380 ரூபாய் கட்ட வேண்டும்.

"மாதம் இவ்வளவா?" என்று தயங்கினால், "7 ஆண்டாக ஆக்கிக்கொள்ளுங்கள். மாதம் 8,050 ரூபாய்க்குள் முடிந்துவிடும்" என்ற யோசனை வரும். கேட்கும்போது இனிக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் கசக்கும். 5 ஆண்டில் கட்டும் மொத்தத் தொகை சுமார் 6 லட்சத்து 23 ஆயிரம். 7 ஆண்டில் கட்டும் மொத்தத் தொகை சுமார் 6 லட்சத்து 76 ஆயிரம். வித்தியாசம் 53 ஆயிரம் ரூபாய்.

வரியில் மிச்சமான 55 ஆயிரத்தையும் ஏறக்குறைய அப்படியே வட்டி விழுங்கிவிட்டது. அரசாங்கம் ஒரு கையால் கொடுத்ததைத் தவணை மற்றொரு கையால் பிடுங்கிக்கொண்டது!

பெட்ரோல் கணக்கும் உண்டு. மாதம் 600 கிலோ மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 40 கிலோ மீட்டர் போகும் மோட்டார் சைக்கிளுக்கு 15 லிட்டர் போதும். லிட்டருக்கு 18 கிலோ மீட்டர் போகும் காருக்கு 33 லிட்டர் வேண்டும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால், 1,500 ரூபாய் எங்கே? 3,300 ரூபாய் எங்கே? இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ் எல்லாம் இதற்கு மேல்.

ஆகவே, வரி குறைந்தது என்பதற்காக மட்டும் வண்டியை மாற்றக் கூடாது. வீட்டுக்குத் தேவை இருந்தால் மட்டுமே மாற்ற வேண்டும்.

தேவை எது?

பணக் கணக்கைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. அது உயிர்க் கணக்கு.

2022-ம் ஆண்டு இந்தியாவில் சாலை விபத்துகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் இறந்தார்கள். இது மத்திய அரசாங்கம் வெளியிட்ட கணக்கு. இவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அந்த ஆண்டு அதிக விபத்துகள் நடந்த மாநிலம் எது தெரியுமா? தமிழ்நாடுதான். 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விபத்துகள்!

அப்பா வண்டி ஓட்டுகிறார். பெட்ரோல் டாங்கின் மேல் மூத்த பிள்ளை. பின்னால் அம்மா. அம்மா மடியில் கைக்குழந்தை. இந்தக் காட்சியைப் பார்க்காதவர் யார்?

சட்டம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மோட்டார் சைக்கிளில் ஓட்டுகிறவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். 3 மாதம் லைசென்சும் பறிபோகும்.

9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தையை ஏற்றிச் சென்றால், குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வார் வேண்டும். குழந்தைக்கும் தலைக்கவசம் வேண்டும். வேகம் 40 கிலோ மீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த விதி 2023 பிப்ரவரி 15-ந் தேதி முதல் அமலில் இருக்கிறது.

பந்தய மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையைப் பாருங்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும்! உயரமோ அதிகம். புடவை கட்டிய பெண் அதில் ஏறுவதே சிரமம். கையில் குழந்தையும் இருந்தால் என்ன ஆகும்? மனைவி "வேண்டாம்" என்று சொல்வது வண்டியின் மேல் உள்ள கோபத்தால் அல்ல. பயத்தால்.

மழையில் பார்த்த காட்சி

இந்தக் காட்சியைப் பார்த்து மனம் இளகியவர்களில் ஒருவர், தொழிலதிபர் ரத்தன் டாட்டா.

அவர் வேகத்துக்குப் பயந்தவர் அல்ல. 2007-ம் ஆண்டு பெங்களூர் விமானக் கண்காட்சியில், தம் 69-வது வயதில், எப்-16 போர் விமானத்தில் ஏறிப் பறந்தவர். அப்படிப்பட்டவருக்கு, மழையில் ஒரே ஸ்கூட்டரில் நெருக்கிக்கொண்டு போன ஒரு குடும்பம் கண்ணில் பட்டது. "இவர்களுக்கு ஒரு பாதுகாப்பான வண்டி கொடுக்க முடியாதா?" என்ற எண்ணம் பிறந்தது.

அதுதான் நானோ கார். 2008 ஜனவரி 10-ந் தேதி டெல்லியில் அதை உலகத்துக்குக் காட்டினார். 2009-ல் விற்பனைக்கு வந்தது. அடிப்படை விலை ஒரு லட்சம் ரூபாய்! உலகமே வியந்தது.

ஆனால் நானோ எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2018-ல் உற்பத்தி ஓய்ந்தது. என்ன காரணம்? காரணங்கள் பல. அவற்றில் முக்கியமானது ஒன்று. "மலிவான கார்" என்று அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. அப்படி விளம்பரம் ஆனது தவறு என்று டாட்டாவே பின்னாளில் கூறினார். 2024 அக்டோபர் 9-ந் தேதி அவர் காலமானார்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. மனிதன் இருக்கைகளை மட்டும் எண்ணி வண்டி வாங்குவது இல்லை. கொஞ்சம் பெருமையும் வேண்டும் என்கிறான். கணவர் தம் பந்தய வண்டியை விட மறுப்பதும் அதே பெருமையால்தான். அதைக் கேலி செய்வதால் பயன் இல்லை. புரிந்துகொண்டால்தான் வழி பிறக்கும்.

பெருமையும் பயனும் ஒன்று சேர்ந்த வண்டியும் நம் நாட்டில் உண்டு. 1983 டிசம்பர் 14-ந் தேதி முதல் மாருதி காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். அந்த மாருதி-800, 2014 வரை தயாராயிற்று. 25 லட்சத்துக்கும் அதிகமாக விற்றது. 1990-களின் கடைசியில் சான் ஸ்டார்ம் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரும் நம் நாட்டில் தயாராயிற்று. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் வாங்க ஆள் அதிகம் இல்லை. இன்று அதன் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது.

வேகத்துக்கு இடம் உண்டு

அப்படியானால் வேகத்தின் மேல் ஆசைப்படுவதே குற்றமா? இல்லை. வேகத்துக்கு என்று இடம் இருக்கிறது.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தயத் தளம் இருக்கிறது. 1990-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு சோழவரத்தில் பழைய விமானத் தளத்தில் பந்தயம் நடக்கும். ஜனங்கள் திரண்டு போய்ப் பார்ப்பார்கள்.

நடிகர் அஜித்குமார் 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் கலந்துகொண்டார். அவருடைய அணி அதன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அந்த வேகம் பந்தயத் தளத்தில் காட்டிய வேகம். கடைத்தெருவில் காட்டிய வேகம் அல்ல.

கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005-ல் பார்முலா-1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். பந்தயத்தில் பறந்த அவர் பிறகு என்ன தொழில் தொடங்கினார் தெரியுமா? 2020-ல் டிரைவ் எக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பழைய இருசக்கர வண்டிகளைச் சீர் செய்து விற்கும் நிறுவனம் அது! குடும்பஸ்தர்கள் வேலைக்குப் போகும் சாதாரண வண்டிகளின் அருமை, பந்தய வீரருக்குத் தெரிந்திருக்கிறது.

மாற்றும்போது கவனம்

பழைய வண்டியைக் கொடுத்து, புதிய வண்டி வாங்குகிறவர்கள் சில விஷயங்களை மறக்கக் கூடாது.

முதலாவது, பெயர் மாற்றம். பணம் கைக்கு வந்துவிட்டது, சாவியைக் கொடுத்துவிட்டோம் என்று இருந்துவிடக் கூடாது. வண்டி கைமாறிய 14 நாளுக்குள் விற்றவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்புக் கூறியிருக்கிறது. வாங்கியவர் யார் மீதாவது மோதினால், நஷ்ட ஈடு கேட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்!

இரண்டாவது, இன்சூரன்ஸ் சலுகை. விபத்து இழப்பீடு கேட்காமல் ஓட்டியவருக்குப் பிரிமியத்தில் தள்ளுபடி கிடைக்கும். இது 50 சதவீதம் வரை போகும். இந்தச் சலுகை வண்டிக்குச் சொந்தம் அல்ல. வண்டிக்காரருக்குச் சொந்தம். காரை விற்றுக் கார் வாங்கினால் இதைக் கேட்டு வாங்கிப் புதிய காருக்குக் கொண்டுபோகலாம். மோட்டார் சைக்கிளில் பெற்ற சலுகை காருக்குச் செல்லாது.

மூன்றாவது, பழைய கார். புதிய கார்தான் வாங்க வேண்டும் என்பது இல்லை. தெரிந்தவரிடம் நேராக வாங்கினால் சரக்கு-சேவை வரி கிடையாது. பதிவு பெற்ற வியாபாரியிடம் வாங்கினால், அவருடைய லாபத்தின் மீது மட்டும் 18 சதவீத வரி. இது 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது.

நான்காவது, பெல்ட். கார் வாங்கிவிட்டால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. பின் இருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் பெல்ட் அல்லது குழந்தை இருக்கை வேண்டும். இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்காரவே கூடாது.

எல்லோருக்கும் கார் வேண்டுமா?

வேண்டாம் என்பதும் ஒரு பதில்தான்.

வயதான தாயாரை மாதம் ஒரு முறை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். பிள்ளைகளைத் தினமும் தூரத்துப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். இப்படிப்பட்ட வீட்டுக்குக் கார் தேவை. பந்தய வண்டியை விற்பதில் தயக்கம் கூடாது.

ஆண்டுக்கு இரண்டு கல்யாணம், ஒரு கோயில் என்று போகிற வீட்டுக்குக் கார் தேவை இல்லை. வாடகைக் கார் போதும். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகர பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் தொடங்கியது. 2024 மே மாதம் திருவண்ணாமலைக்கும் சென்னைக் கடற்கரைக்கும் நேர் ரெயில் வந்தது. இவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் பந்தய வண்டியைக் கொடுத்து, அம்மாவும் பிள்ளையும் அச்சம் இல்லாமல் ஏறக்கூடிய ஒரு சாதாரண ஸ்கூட்டர் வாங்கினாலே போதும். வாசலில் கடனும் நிற்காது.

முடிவு எதுவானாலும் கணவன் தனியாக எடுக்கக் கூடாது. மனைவியும் உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் மாத வருமானம், தவணை, பெட்ரோல், பள்ளிக்கூடச் செலவு என்று எழுதிப் பார்க்க வேண்டும். அந்தக் காகிதம் சொல்லும் பதிலே சரியான பதில்.

மாம்பழம் யாருக்கு?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழாவின் 7-ம் நாள் தேரோட்டம் நடக்கும். ஒன்று அல்ல, ஐந்து தேர்கள்! பிள்ளையாருக்கு ஒன்று. முருகனுக்கு ஒன்று. அண்ணாமலையாருக்குப் பெரிய தேர். அம்மன் தேரைப் பெண்கள் இழுப்பார்கள். சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்கள் இழுப்பார்கள். சாமி வீட்டில் ஆளுக்கு ஒரு வண்டி. மனிதர் வீட்டில் அது நடக்குமா? எல்லோருக்கும் சேர்த்து ஒரே வண்டிதான்.

மாம்பழக் கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உலகத்தை முதலில் சுற்றி வருகிறவருக்குப் பழம் என்றார்கள். முருகன் மயில் மேல் ஏறிப் பறந்தார். பிள்ளையார் தாய் தந்தையைச் சுற்றி வந்து நின்றார். பழம் அவருக்குக் கிடைத்தது.

மயில் மோசமான வாகனம் அல்ல. அதைவிட வேகமான வாகனம் எது? ஆனால் அன்றைய போட்டியில் எது வேண்டும் என்பதைப் பிள்ளையார் தெரிந்துகொண்டார். வேகம் அல்ல, வீடு!

பவுர்ணமி இரவில் கிரிவலப் பாதையைப் பாருங்கள். 14 கிலோ மீட்டர். லட்சக்கணக்கான ஜனங்கள். வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் வந்தவரும், பஸ்சில் வந்தவரும் ஒன்றாக நடக்கிறார்கள். தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தகப்பன் நடக்கிறான். பக்கத்தில் மனைவி. அவள் கையைப் பிடித்தபடி அம்மா.

நாலு பேரும் ஒன்றாகப் போகிறார்கள். வண்டி வாங்குவதும் அதற்காகத்தானே!